இரண்டு அடி வைக்கும் சிங்கம்

ஜப்பானியச் செஸ் வகையான சூ ஷோகியின் பலகையை முதல்முறை பார்க்கிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். பக்கத்துக்கு 12 கட்டம், மொத்தம் 144. ஆளுக்கு 46 காய்கள், அவற்றில் 21 வகை. செஸ்ஸில் இருப்பதுபோல் கறுப்பு வெள்ளை கிடையாது. இரு படைக்கும் ஒரே நிறம். கூர்முனை யாரை நோக்கி நீட்டியிருக்கிறதோ, காய் அவருடைய எதிராளிக்குச் சொந்தம். காய்களின் முகத்தில் படம் கிடையாது, எழுத்துகள்தான். ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போகத் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை.

எழுந்து போகிறவர்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. 14ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே ஜப்பானில் ஆடப்பட்ட இந்த ஆட்டம், பெரிய பலகை ஷோகி வகைகளில் உண்மையாகவே செழித்து வாழ்ந்த ஒன்று. பக்கத்துக்கு 25 கட்டம் உள்ள பலகையில் 354 காய்களுடன் ஆடும் தை ஷோகி, 36 கட்டப் பலகையில் 804 காய்களுடன் ஆடும் தைக்யோகு ஷோகி என்றெல்லாம் உண்டு. அவை பெருமைக்குச் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். உட்கார்ந்து ஆடி முடிக்கத் தனிப் பொறுமை வேண்டும். சூ ஷோகியோ கியோத்தோ, ஒசாகா பக்கத்தில் 20ஆம் நூற்றாண்டு வரை ஆர்வலர்களை விடாமல் பிடித்துவைத்திருந்தது.

இன்றைய 9 கட்ட ஷோகியில் வெட்டிய காயைத் தன் படையில் சேர்த்து மறுபடி இறக்கலாம். இங்கே அது நடக்காது. வெட்டுப்பட்டது போனதுதான். அதனால் நெரிசலாகத் தொடங்கும் பலகை மெல்ல மெல்லக் காலியாகும். நீண்ட தூரம் ஓடும் காய்களுக்குப் பாதை திறக்கத் திறக்க ஆட்டத்தின் வேகமே மாறும்.

பார்வையாளர் 21 வகையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணைச் சிங்கத்தின்மேல் வைத்தால் போதும்.

சிங்கம் ஒரே முறையில் இரண்டு அடி வைக்கும். ஒவ்வொரு அடியும் எந்தத் திசையிலும் இருக்கலாம், இரண்டிலும் வெட்டலாம். இடையில் காய் நின்றாலும் தாண்டிக் குதிக்கும். தன்னைச் சுற்றியுள்ள இரண்டு வளையத்தில் 24 கட்டங்கள். அத்தனையும் அதன் ஆட்சி. இதைவிடப் பயங்கரமான வித்தை ஒன்று உண்டு. முதல் அடியில் பக்கத்துக் காயை வெட்டி, இரண்டாம் அடியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். பார்ப்பவருக்குச் சிங்கம் நகரவே இல்லை. எதிராளியின் காய் மட்டும் காணாமல் போயிருக்கும். ஜப்பானியர் இதை இகுயி என்பார்கள்.

இதன் விளைவைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சிங்கத்துக்கு நேர் முன்னால், ஒட்டினாற்போல, எதிரியின் சிப்பாய். அதற்குப் பின்னால் வெள்ளித் தளபதி காவல். செஸ் கண்ணுக்கு இந்தச் சிப்பாய் பத்திரம். சிங்கம் சிப்பாயை விழுங்கிவிட்டுத் தன் கட்டத்துக்குத் திரும்புகிறது. வெள்ளித் தளபதி பழிவாங்க அந்த இடத்தில் யாரும் இல்லை. காவல் இருந்தும் காவல் இல்லை! அதே சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி, அதாவது சிங்கத்திலிருந்து இரண்டாம் கட்டத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே போய் வெட்டும் சிங்கத்துக்குத் திரும்ப அடி மிச்சமில்லை. வெள்ளித் தளபதி அதைத் தூக்கிவிடும். ஆக, சிங்கத்தை ஒட்டி நிற்கும் காய்க்குக் காவல் வைத்துப் பயன் குறைவு. இரண்டு கட்டத் தொலைவில் நின்றால்தான் காவலுக்கு மதிப்பு. நல்ல ஆட்டக்காரர்கள் தங்கள் காய்களை அந்த எல்லையில் எவ்வளவு நுணுக்கமாக நிறுத்துகிறார்கள் என்று கவனித்தாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும். சிங்கத்தை விரட்ட அவர்கள் கிட்டே போவதில்லை. தேர், டிராகன் ராஜா போன்ற ஓடும் காய்களைத் தூரத்திலிருந்து அதன் கட்டத்தை நோக்கித் திருப்பிவைப்பார்கள். (செஸ்ஸில் நாம் யானை என்கிற காய்தான் இங்கே தேர். யானை வேறு ஒன்று இருக்கிறது.)

இவ்வளவு பலமுள்ள காய்களை இருவரும் தொடக்கத்திலேயே மாற்றிக்கொண்டு விட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும். அதைத் தடுக்கத் தனி விதிகளே உண்டு. இரண்டு கட்டத் தொலைவில், காவலோடு நிற்கும் எதிரிச் சிங்கத்தை உங்கள் சிங்கம் வெட்டக் கூடாது. ஒரே விதிவிலக்கு: அதே முறையில் வழியில் இன்னொரு காயையும் சேர்த்து வெட்டினால் அனுமதி. அந்தக் காய் சிப்பாயாகவோ அதற்கு முன்னால் நிற்கும் தரகராகவோ இருக்கக் கூடாது. சிங்கங்கள் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒருவருடைய மந்திரி அசட்டையாக வந்து நின்றால் போச்சு. எதிராளி மந்திரியையும் சிங்கத்தையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொள்வார். இன்னொரு விதியும் உண்டு. சிங்கம் அல்லாத காய் ஒரு சிங்கத்தை வெட்டினால், உடனே அடுத்த முறையில் எதிராளி வேறு இடத்தில் உள்ள சிங்கத்தைச் சிங்கம் அல்லாத காயால் வெட்ட முடியாது. புதிதாகப் பார்ப்பவருக்கு வக்கீல் வாதம்போல் தோன்றும் இந்த விதிகள்தான் ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு உயிர்.

தொடக்க ஆட்டம் மெதுவானது. அதை ஒளித்துப் பயனில்லை. சிங்கங்கள் முன்னே வந்து மிரட்ட, சிறுத்தை, செம்பு, வெள்ளி என ஒரு கட்டம் மட்டுமே நகரும் காய்கள் பின்னாலேயே கூட்டமாக ஊர்ந்துவருகின்றன. சிப்பாய் பின்வாங்காது என்பதால் அவசரமாகத் தள்ளிய ஒவ்வொரு சிப்பாயும் பின்னால் ஓர் ஓட்டையை விட்டுப்போகும். ஷோகியின் மெய்ஜின் பட்டத்தை 18 முறை வென்ற ஓயாமா யசுஹாரு (1923–1992) சூ ஷோகிப் பிரியர். தாக்குதலைத் தாங்கித் தாங்கி எதிராளியைக் களைக்கவைத்த அவருடைய பாணியை அறிந்தவர்களுக்கு இந்த ரசனை வியப்பாக இருக்காது.

எதிரியின் கடைசி நான்கு வரிசைக்குள் நுழையும் காய் உயர்வு பெறலாம். தங்கத் தளபதி தேராகும். டிராகன் ராஜா, முன்பக்க மூலைவாக்கில் இரண்டு திசையிலும் சிங்கத்தின் பலம் கொண்ட கழுகாகும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது கிரின். மூலைவாக்கில் ஓரடி, நேர்வாக்கில் இரண்டு கட்டம் தாண்டல் என்று சாதாரணமாக நகரும் இந்தப் புராண விலங்கு, எல்லைக்குள் கால்வைத்தால் இன்னொரு சிங்கம். நடு ஆட்டத்தில் ஒருவருடைய கிரின் ஓரமாக நழுவி முன்னேறுவதைப் பார்த்தால் பலகையின் மற்ற சண்டையை மறந்துவிட்டு அதையே பின்தொடரலாம்.

பழகிப் பார்க்க லிஷோகி இணையதளம் இலவசம். எழுத்துக்குப் பதில் குறியீடுகள் உள்ள காய்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு.

கடைசியாக அந்த யானை. ராஜாவின் பக்கத்தில் தொடங்கும் இதற்குப் பெயர் குடிகார யானை. நேர் பின்னால் மட்டும் போகாது. மற்ற ஏழு திசையிலும் ஓரடி. பழைய காய்தான்: நாரா நகரின் கோஃபுகுஜி கோயில் வளாக அகழாய்வில் இதன் பெயர் எழுதிய மரக்காய், 1098ஆம் ஆண்டு குறித்த மரச்சீட்டோடு சேர்ந்து கிடைத்தது. இந்த யானை எதிரியின் எல்லைக்குள் நுழைந்தால் பட்டத்து இளவரசர் ஆகிவிடும். அதன்பின் ராஜா, இளவரசர் இருவரையும் பிடித்தால்தான் வெற்றி. இறுதிக் கட்டத்தில் பலகையில் பத்துப் பதினைந்து காய்களே மிஞ்சியிருக்கும்போது யானையை ஒருவர் ஓரமாக ஓட்டிக்கொண்டு போகிறார் என்றால் அவர் தோல்வியை ஒத்திப்போடுகிறார் என்று அர்த்தமில்லை. இளவரசர் பிறந்த மறு நிமிடமே ராஜாவுக்கு வைத்த செக்கைக் கண்டுகொள்ளாமல், கையில் இருக்கும் எல்லாக் காய்களோடும் அவர் திருப்பித் தாக்கத் தொடங்கலாம். ராஜா வெட்டுப்பட்டாலும் ஆட்டம் தொடரும்.