யாழ் நூலும் துறைகளின் எல்லையும்

ஒரு துறையிலே தோன்றும் வினாவுக்கு விடை சிலபோது வேறொரு துறையிலே கிடத்தல் உண்டு. இவ்வுண்மைக்கு ஈழநாடு ஈந்த தக்க சான்று, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இயற்றிய யாழ் நூலாகும். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களையுடைய இந்நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் இதனை வெளியிட்டது. இதனைப் புகழ்வோர் பலர். முற்றக் கற்றோர் சிலரே. அதற்குக் காரணம் யாது?

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரையும் பழந்தமிழிசையின் கருவூலங்கள். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழு நரம்புகளுக்கும் 22 அலகுகள் வகுக்கப்பட்டன. யாழ் வழக்கொழிந்தபின் இவ்வெண்கள் செவிக்கு எட்டாதனவாயின. புலவர்க்கு வெறுஞ் சொற்களாகவே நின்றன. தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அடிகளோ, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவருமாவர். ஆதலின், புலவர் சொல்லெனக் கண்டதை அவர் அளவெனக் கண்டார். இழுவிசை மாறாதிருக்க, நரம்பின் நீளத்தைப் பாதியாக்கின் அதிர்வெண் இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கின் ஒன்றரை மடங்காகும். குரலுக்கு இளி இவ்வொன்றரை மடங்கிலே நிற்பது.

எனினும், ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒன்றரை மடங்காகப் பன்னிரு முறை ஏறினால், இருமடங்காக ஏழு முறை ஏறிய எல்லையைச் சற்றே கடந்துவிடுவோம். அம்மிகை எவ்வளவு என்பதைக் கணிதம் கூறும். அதனைப் பழந்தமிழர் எவ்வாறு தீர்த்தனர் என்பதைக் கணிதம் கூறாது. அதற்கு நூற்சான்று வேண்டும். 22 அலகுகளும் ஒத்த அளவினவா என்பதையும் எண்களை மட்டுங் கொண்டு துணிதல் இயலாது. எண் காட்டுவது இயலக்கூடியதை. நூல் காட்டுவது இருந்ததை. இரண்டும் ஒத்துரைக்குமிடத்து முடிபு உறுதியாகும். நூல் வாய்மூடி நிற்க எண் மட்டுமே பேசுமிடத்து, அம்முடிபைக் கருதுகோளென்றே கொள்ளல் வேண்டும். யாழ் நூலைக் கற்போர் இவ்விரு வகையையும் பிரித்தறிதல் கடன்.

அக்கடனை ஆற்றுவோர் யார்? உயர்தர வகுப்பிலே கலை வேறு, விஞ்ஞானம் வேறு எனப் பிரிந்து விடுகின்றோம். உரை அறிந்தவர் கணக்கைத் தாண்டிச் செல்கின்றார்; கணக்கு அறிந்தவர் நூலையே தொடுவதில்லை; இசை வல்லவர் இருவரையும் வினவுவதில்லை. நூல் அரங்கேறிய சில வாரங்களுள், 1947 ஜூலை 19 இல், அடிகள் மறைந்தார். ஐயங்களுக்கு விடையிறுக்க அவர் இல்லை. ஒருவரிடம் கூடியிருந்த மூவகை அறிவு நம்மிடையே மூவரிடம் பிரிந்து கிடப்பின், அம்மூவரும் ஒருங்கிருந்து கற்றாலன்றி அந்நூலுக்கு உரிய மதிப்பீடு பிறவாது.