யார் வீட்டுச் சோறு?

சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் விளம்பரப் புத்தகங்களில் அடிக்கடி ஒரு படம் கண்ணில் படும். விசாலமான சூட் அறை, எட்டுப் பேருக்கு விரித்த மேசை, விசிறிபோல் மடித்த நாப்கின்கள், ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பைகள், ஜன்னலுக்கு வெளியே கடல். நாற்காலிகள் மட்டும் காலி. அதில் உட்காரப்போகிறவர்கள் யார், என்ன உறவில் அழைக்கப்பட்டவர்கள் என்பது படத்தில் இல்லை. கப்பலில் தன் அறைக்கே பிறரை அழைத்து விருந்து வைப்பது செலவுக்கும் மெனக்கெடலுக்கும் தகுமா என்று எடைபோட உட்கார்ந்தால், எனக்கு முதலில் உறுத்துவது அந்தக் காலி நாற்காலிகள்தான்.

பொதுவாகப் பேசினால் பேச்சு வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம்: க்யூனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2. 2004 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பியது. 345 மீட்டர் நீளம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக்கை வழக்கமாக ஏழு இரவுகளில் கடக்கிறது. இதைவிட ஆடம்பரமான அறைகள் வேறு கப்பல்களில் உண்டு. ரீஜன்ட் செவன் சீஸ் நிறுவனம் 2016-இல் இறக்கிய எக்ஸ்ப்ளோரரின் உச்ச சூட்டுக்கு இரவு வாடகை 10,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே ஸ்டைன்வே பியானோவும் வைத்திருந்தார்கள். ஆனாலும் நம் கேள்விக்குக் குயின் மேரிதான் பொருத்தம். இங்கே எந்த அறைக்குப் பணம் கட்டினீர்களோ, அந்த அறைதான் நீங்கள் எந்த உணவகத்தில் சாப்பிடுவீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலோருக்குப் பிரிட்டானியா. அதற்கு மேலே பிரின்சஸ் கிரில். எல்லாவற்றுக்கும் மேலே குயின்ஸ் கிரில். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பழைய பெயர்கள் போய்விட்டன, மேசைகள் போகவில்லை.

குயின்ஸ் கிரிலின் உச்சத்தில், பிரிட்டிஷ் அரச மாளிகைகளின் பெயரைத் தாங்கிய பால்மோரல், சாண்ட்ரிங்காம் என்ற இரண்டு டூப்ளெக்ஸ்கள். ஒவ்வொன்றும் 2,249 சதுர அடி. கீழே வரவேற்பறை, மேலே படுக்கையறை, நடுவே மாடிப்படி. பட்லர் உண்டு. (பட்லர் என்றதும் மதராஸ் துரைமார் பங்களாவும் பட்லர் இங்கிலீஷும் நினைவுக்கு வரும் நமக்கு அந்தச் சொல் அவ்வளவு மயக்கம் தருவதில்லை.) குயின்ஸ் கிரில் உணவுப் பட்டியலிலிருந்து வேண்டியதைச் சொன்னால் ஒவ்வொரு பதார்த்தமாக அறைக்கே கொண்டுவந்து பரிமாறுவார்கள்.

இனி சாதகத்தைச் சொல்கிறேன், அது சின்னதல்ல. கப்பலில் இரண்டாம் நாள் ஒருவரைச் சந்திக்கிறீர்கள். நூலகத்தில் பக்கத்து நாற்காலி, நல்ல பேச்சு. அவர் பிரிட்டானியா பயணி. இரவு அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆசை. உங்கள் கிரில் உணவகத்துக்கு அவரை விருந்தினராக அழைத்துப் போக விதி இடம் தராது. இடமிருந்தால் நீங்கள் இறங்கி அவர் பக்கம் போகலாம். அவர் ஏறி வர முடியாது. உங்கள் அறைக் கதவு மட்டும் உங்கள் விருப்பப்படி திறக்கும். வகுப்புக் கோட்டைத் தாண்டி ஒருவருக்குச் சோறு போட ஒரு பயணிக்கு உள்ள சொந்த இடம் அவருடைய சூட்தான்.

இதில் தமிழ்க் காதுக்கு இன்னொரு சுவை இருக்கிறது. விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை, புதிதாய் வந்தவர் என்பது. உறவுக்காரர்கள் சுற்றம், அது வேறு கணக்கு. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், சுற்றந்தழால் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம். நாம்தான் காலப்போக்கில் மாமன் மச்சானுக்குப் போடுவதையெல்லாம் விருந்து என்று சொல்லப் பழகிவிட்டோம். மூன்று நாள் முன்பு வரை முகமே தெரியாத ஒருவரைக் கப்பலில் அழைத்து உட்கார வைப்பது அந்தச் சொல்லின் ஆதிப் பொருளுக்கு நம் கல்யாணப் பந்தியைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

ஆனால் சிக்கல் அந்த இடத்திலேயே முளைக்கிறது. இலையில் விழுவது யார் வீட்டுச் சோறு?

வீட்டில் விருந்து வைப்பவர் சந்தைக்குப் போகிறார், அடுப்படியில் வேகிறார், கைக்காசு போடுகிறார். விருந்தாளி உண்பது அவருடைய உழைப்பை. கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும் பயணக் கட்டணத்திலேயே சேர்ந்தது. வந்திருக்கும் பிரிட்டானியா நண்பரும் தன் இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர். அதை விட்டுவிட்டுத்தான் உங்கள் அறைக்கு வருகிறார். நீங்கள் அவருக்குத் தருவது என்ன? கொஞ்சம் உயர்ந்த பட்டியல். மற்றபடி சதுர அடி. அவர் மாடிப்படியைப் பார்ப்பார், மேலே போய்ப் பார்க்கலாமா என்று கேட்பார், நீங்கள் காட்டுவீர்கள். பாதி விருந்து வீடு காட்டுவதில் போய்விடும். திருப்பி அழைக்க அவருக்கு வழியில்லை. அவருடைய கேபினில் ஒரு கட்டிலும் ஒரு சோபாவும்தான். நம் ஊரில் மொய் நோட்டு எழுதி வைப்பதைக் கேலி செய்கிறோம். திரும்பச் செய்ய முடிந்தால்தான் வாங்கியவர் தலை நிமிர்ந்து நடக்க முடியும் என்ற விவேகம் அந்த நோட்டில் இருக்கிறது. சூட் விருந்தில் அந்தக் கணக்கு ஒருபக்கமாகவே நின்றுபோகும்.

உணவைப் பார்ப்போம். என் கணிப்பில் சூட் விருந்து பலமாகத் தோற்கும் இடம் இதுதான்.

கிரில் உணவகங்கள் 7-ஆம் தளத்தில். டூப்ளெக்ஸ்கள் 9, 10-ஆம் தளங்களில். தட்டின் மேல் மூடி போட்டு, தள்ளுவண்டியில் வைத்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, நீண்ட நடைவழியில் உருட்டி, கதவைத் தட்டி, மேசையில் வைக்கும் வரை உணவு மூடிக்குள் வெந்துகொண்டே இருக்கிறது. மீடியம் ரேர் கேட்ட இறைச்சி கூடுதலாக வெந்து வரும். பொரித்தது எதுவாயினும் நீராவியில் நமத்துப்போகும். சூஃப்லே அமுங்கும். இரண்டு பேருக்கு என்றால் ஒரு நடையில் முடியும். எட்டுப் பேருக்கு எட்டு வெவ்வேறு தட்டுகள் என்றால் முதல் தட்டு கடைசித் தட்டுக்காக ஆறிக்கொண்டிருக்கும். கீழே உணவகத்தில் சமையற்கட்டுக் கதவிலிருந்து மேசைக்குச் சில அடிதான். குயின்ஸ் கிரிலின் கவர்ச்சிகளில் ஒன்று மேசைப் பக்கத்திலேயே அறுப்பதும் தீமூட்டிக் காட்டுவதும். அறைக்குள் அந்தத் தீ வராது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து பரப்பிவிட்டு, நாமே போட்டுக்கொள்வோம் என்று சொல்லலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களின் சமையற்கட்டுகளை அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சோதிக்கிறது. சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது கணக்கு. உங்கள் வரவேற்பறை மேசையில் அந்தக் கணக்கைப் பார்க்க யாருமில்லை. மூன்று மணி நேரப் பேச்சுக்கு நடுவே கிடக்கும் இறாலை நான் தொட மாட்டேன்.

தீ என்றதும் மெழுகுவத்தி நினைவுக்கு வருகிறது. விளம்பரப் படத்து மேசையில் அது எரிந்தாலும் உங்கள் மேசையில் எரியாது. பயணிகள் அறையில் மெழுகுவத்தி, ஊதுபத்தி எதற்கும் அனுமதியில்லை. இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைப்பவர்கள் ஸ்டார் பிரின்சஸ் கப்பலை நினைத்துக்கொள்ளட்டும். 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலின் பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. பால்கனித் தடுப்புகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் நெருப்பை அறைக்கு அறை கடத்தின. ஒரு பயணி இறந்தார். அதற்குப் பிறகு பால்கனியில் என்ன பொருள் வைக்கலாம் என்பதற்கே சர்வதேச விதி வந்தது.

பால்கனியிலேயே விருந்து என்ற கனவும் அட்லாண்டிக்கில் நடக்காது. கப்பல் 21 நாட் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் மணிக்குக் கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர் காற்று எதிரே அடிக்கும். உயரமான தளங்களில் ஆட்டமும் கூடுதல். அந்தக் காலத்தில் கடல் கொந்தளித்தால் தட்டுகள் வழுக்காமலிருக்க மேசைவிரிப்பை நனைத்துப் போடுவார்கள். ஈர விரிப்பில் சாப்பிட்டவர்கள் யாரும் அதைச் சொகுசு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

வரலாறு என்ன சொல்கிறது? 1935-இல் வந்த பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியின் டோவில், த்ரூவில் என்ற இரண்டு உச்ச சூட்களிலும் தனிச் சாப்பாட்டு அறை, பரிமாறுவதற்கான சிறு அடுக்களை, பியானோ எல்லாம் இருந்தன. சூட் விருந்துக்கென்றே கட்டியவை என்று சொல்லலாம். ஆயினும் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாய் திறந்தால் சொல்வது 93 மீட்டர் நீளமுள்ள, லாலிக் கண்ணாடித் தூண்கள் ஒளிர்ந்த, 700 பேர் உட்கார்ந்த பொதுச் சாப்பாட்டுக் கூடத்தைத்தான். டைட்டானிக்கையும் பாருங்கள். 1912 ஏப்ரல் 14 இரவு ஃபிலடெல்ஃபியாவின் பெரும் பணக்காரர் ஜார்ஜ் வைட்னர் குடும்பம் கேப்டன் ஸ்மித்துக்கு விருந்து வைத்தது. விருந்து நடந்தது வைட்னரின் அறையில் அல்ல. முதல் வகுப்புப் பயணிகள் தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் அலாகார்ட் உணவகத்தில். கப்பலில் விருந்து வைப்பவர் தன் விருந்தாளியோடு தானும் நாலு பேர் கண்ணில் பட விரும்புகிறார். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊர் பார்க்கப் பந்தி வைக்கிற நாம் சொல்லலாமா?

இன்னொரு தரப்பும் இருக்கிறது: பரிமாறுகிறவர். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-இல் எழுதப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஓய்வு நேரக் கணக்கில் பார்த்தால் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அதை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். உங்கள் விருந்து நள்ளிரவில் முடிந்து, எச்சில் தட்டெல்லாம் எடுத்து ஒழித்து அவர் படுக்க ஒரு மணி. காலை ஏழு மணிக்கு உங்களுக்கே தேநீர் கொண்டு வரவேண்டியவரும் அவர்தான். மேலும் ஒன்று. உங்கள் விருந்தாளிகள் தத்தம் பயணக் கணக்கில் செலுத்திய சேவைத் தொகை அவர்களுடைய உணவகத்தை எண்ணிக் கட்டியது. ஆறு பேருக்குக் கூடுதலாகப் பரிமாறிய உங்கள் பட்லருக்கு அந்தக் கணக்கில் எதுவும் ஏறுவதில்லை. அன்றிரவே உறையில் பணம் வைத்துக் கையில் கொடுக்க மனமில்லாதவர் விருந்தே வைக்க வேண்டாம்.

சிறிய சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குயின்ஸ் கிரில் வகுப்பிலேயே கடைசிப் படியிலுள்ள சூட்கள் பால்கனியும் சேர்த்துச் சுமார் 500 சதுர அடி. கட்டிலும் சோபாவும் ஒரே அறையில். விருந்தாளிக்குத் தனிக் கழிப்பறை கிடையாது. உங்கள் பல் துலக்கும் பிரஷையும் காயப்போட்ட துணியையும் கடந்துதான் அவர் போக வேண்டும். அந்த அறையில் விருந்து வேண்டவே வேண்டாம்.

இனித் தீர்ப்பு. சாப்பாட்டுக்காக என்றால் சூட் விருந்து தேறாது. இரண்டு தளம் கீழே அதே சமையல் சூடாகக் கிடைக்கிறது. பெருமைக்காக என்றால் அதைவிட மோசம். பெருமை பார்க்கப் பார்வையாளர் வேண்டும், மூடிய கதவுக்குள் அது விருந்தாளியின் மனத்தை உறுத்துவதோடு நின்றுவிடும். எங்கும் சத்தமாக இருக்கிற கப்பலில் நான்கு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ள ஓர் இடம் என்று பார்த்தால் மட்டும் அதற்கு ஈடில்லை. உடல் முடியாத முதியவர், கூட்டத்தில் காது கேட்காதவர், கைக்குழந்தையோடு வந்தவர் இருந்தால் தயங்காமல் அறைக்கே அழையுங்கள். ஆறினாலும் கெடாத பண்டமாக ஒன்றிரண்டு சொல்லுங்கள்: குளிர்ந்த மீன், மெதுவாக வேகவைத்த கறி, சீஸ். மேற்கு நோக்கிப் போகும் பயணத்தில் ஐந்து இரவுகள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். பேச்சு நீள அந்த இரவுகள் தோது.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. சாயங்காலம் ஒரு மணி நேரம் அறைக்கு அழையுங்கள். ஒரு கோப்பை பானம், கொறிக்க ஏதாவது, ஜன்னலில் கடல். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு 8-ஆம் தளத்திலுள்ள வெரண்டா உணவகத்துக்கு இறங்குங்கள். அது எந்த வகுப்புப் பயணியும் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் கொடுத்துச் சாப்பிடும் இடம். அந்தக் கட்டணம் முழுவதும் உங்கள் அறைக் கணக்கில் ஏறட்டும். இலையில் விழுவது அப்போது உங்கள் வீட்டுச் சோறு. நண்பருக்கும் அடுத்த நாள் அதே இடத்தில் உங்களைத் திருப்பி அழைக்க வழி இருக்கும். வெரண்டாவில் மேசைகள் குறைவு. கப்பலில் ஏறிய அன்றே பதிவு செய்துவிடுங்கள்.