குறித்தலும் அறிவித்தலும்: நம் மறையுரைகளில் ஒரு வினைச்சொல்

நம் மறையுரைகளில் மிகுதியாக வழங்கும் வினைச்சொற்களுள் ‘குறிக்கிறது’ என்பது ஒன்று. கடல் உலகத்தைக் குறிக்கிறது. படகு திருச்சபையைக் குறிக்கிறது. வலை நற்செய்தியைக் குறிக்கிறது. புயல் சோதனையைக் குறிக்கிறது. ஆங்கில விளக்கவுரைகளில் ‘சிக்னிஃபை’ என்று காணும் இடமெல்லாம் இச்சொல்லை இட்டு நிரப்புவது நமக்கு வழக்கமாகிவிட்டது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையோரச் சபைகளில் இவ்வாறு உரையாற்றுவது தகுமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, சொல்லின் பொருள். ஆங்கிலத்தில் இவ்வினை மூன்று பொருள்களில் வழங்கி வந்துள்ளது: ஒன்றுக்கு அடையாளமாய் நிற்றல், ஒன்றைத் தெரியப்படுத்துதல், பொருட்படுத்தத்தக்கதாய் இருத்தல். தமிழிலோ முதலாவதற்குக் குறித்தல் என்றும், இரண்டாவதற்கு அறிவித்தல் அல்லது உணர்த்துதல் என்றும், மூன்றாவதற்குப் பொருட்டாதல் என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மூன்றையும் ‘குறிக்கிறது’ என்னும் ஒன்றில் அடைத்துவிட்டால் பின்னிரண்டும் நம் காதிலிருந்து மறைந்துபோகின்றன.

இரண்டாவது, திருமறை வழக்கு. ‘செமைனோ’ என்னும் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் வருகிறது: யோவான் 12:33, 18:32, 21:19, அப்போஸ்தலர் 11:28, 25:27, வெளிப்படுத்தின விசேஷம் 1:1. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறை ஆறிடத்தும் ‘சிக்னிஃபை’ என்றே பெயர்த்தது. 1946இல் வெளிவந்த திருந்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு காட்டுதல், முன்னறிவித்தல், தெரிவித்தல் எனப் பிரித்துக்கொண்டது. இப்பிரிவைப் பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த நம் தமிழ்த் திருமறை முன்பே செய்திருந்தது. யோவானில் குறித்தல் என்றும், அகபுவைப் பற்றிய இடத்தில் அறிவித்தல் என்றும், வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் வெளிப்படுத்துதல் என்றும் அது கூறுகிறது. இடமறிந்து சொல் தெரிந்த அப்பெரியோரின் நுட்பம் பாராட்டத்தக்கது. ஆயினும் இதனால் ஓர் இழப்பும் உண்டு. சிலுவையையும் பஞ்சத்தையும் பேதுருவின் மரணத்தையும் ஒரே வினை பிணைக்கிறது என்பதைத் தமிழ் மட்டும் வாசிப்பவர் அறிய வழியில்லை.

இவ்வாறு இடங்களையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஓரிடத்திலேனும் கண்ணெதிரே உள்ள பொருள் ஒரு கருத்தாகக் கரைந்துவிடவில்லை. அறிவிக்கப்படுவது ஒரு மரணம், ஒரு பஞ்சம், கைதியின்மேல் சாட்டப்பட்ட குற்றம், சீக்கிரத்தில் சம்பவிக்கவிருப்பவை. அந்தியோகியாவின் சீடர் பஞ்சம் எதைக் குறிக்கிறது என்று ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாக உதவி திரட்டி, பர்னபா, சவுல் என்பவர்களின் கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள்.

இதனைத் துறைமுகத்து மக்களுக்கு நாம் கற்பிக்கத் தேவையில்லை. சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. கூண்டு புயலன்று, ஆனால் புயல் என்ற ஒன்று இல்லையேல் கூண்டுக்குப் பொருளில்லை. அதனைக் கண்டவர் படகைக் கரையேற்றுகிறார். வானிலை மையத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்பதை 11ஆம் எண் தெரிவிக்கிறது. செய்தி வராமையும் அபாயமே என்பது அதன் உட்பொருள்.

வலையை ஆண்டவரே உவமையாக்கினாரன்றோ எனச் சிலர் வினவலாம். ஆக்கினார். எனினும் மத்தேயு 13இல் வலை வலையாகவே இருக்கிறது. கரையில் உட்கார்ந்து மீனைப் பிரிக்கும் வேலையும் அங்கே மறையவில்லை. நம் தொல்காப்பியர் வகுத்த உள்ளுறை உவமமும் இத்தகையதே. நெய்தலின் நண்டும் தாழையும் தம் இயல்பு கெடாமல் நின்றே வேறொரு பொருளைத் தாங்குகின்றன. கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் உள்ளுறைக்கு நிலைக்களனாக்கலாகாது என்று அவர் விலக்கியிருப்பது இறையியல் மாணவர் சிந்திக்கத்தக்கது. 1529இல் மார்பர்க்கில் லூத்தரும் சுவிங்கிலியும் ஒன்றுபட இயலாமற்போனதும், ‘இருக்கிறது’ என்பதைக் ‘குறிக்கிறது’ எனக் கொள்ளலாமா என்னும் வினாவினால்தான். நாம் எப்பக்கத்தைச் சார்ந்தவராயினும், குறிப்பை ஏற்று மெய்ப்பொருளை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் வீணானதன்று.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்து, படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அத்தகைய வாரத்தில் பீடமேறும் ஒருவர், வலை நற்செய்தியைக் குறிக்கிறது என்று மட்டும் உரைத்து இறங்குவாராயின், அவர் உரைத்தது பொய்யன்று. ஆனால் எதிரே அமர்ந்திருப்பவரின் வலை அவருக்கு ஒரு பொருட்டாயில்லை. மேலே கூறிய மூன்றாம் பொருள் இங்கேதான் தவறிப்போகிறது.

ஆகவே மறையுரை ஆயத்தம் செய்யும் மாணவருக்கு ஒன்று கூறுவோம். ‘குறிக்கிறது’ என்று எழுதுமுன் அங்கே ‘அறிவிக்கிறது’ என்று எழுத இயலுமா எனப் பாருங்கள். யாருக்கு, எதனை, என்ன செய்யும்படி அறிவிக்கிறது என்னும் வினாக்கள் தாமே எழும். அவற்றுக்கு விடையில்லாத இடத்தில் அவ்வாக்கியத்தை நீக்கிவிடலாம்.

இராயபுரம் பேதுருவாகிய இராயப்பரின் பெயர் தாங்கிய ஊர் என்பர். அப்பேதுருவைப் பற்றிய யோவான் 21இல் 153 மீன்கள் எதைக் குறிக்கின்றன என்று அகுஸ்தீன் முதலாகப் பலரும் கணக்கிட்டுள்ளனர். நற்செய்தியாளரோ குறித்தல் என்னும் வினையை மீன்களுக்கு வழங்கவில்லை. பேதுருவின் மரணத்துக்கே வழங்குகிறார். கரையில் கரிநெருப்பு மூட்டிப் பசித்தவருக்கு உணவளித்த பின்னரே ஆண்டவர் அதனைக் குறித்தார். குறித்தவுடன் தம்மைப் பின்பற்றும்படி கட்டளையிட்டார்.