ஹா, ஸாத், லாம்

அரபு மொழியின் சொல்லமைப்பில் என்னை மிகவும் வசீகரிப்பது, மூன்று மெய்கள் அசையாத வேராக நிற்க, அவற்றினிடையே உயிர்கள் மாறிமாறி ஏறி, வினையும் பெயரும் தொழிலும் பயனுமாகப் பற்பல பதங்கள் கிளைத்து விரியும் நியதியாகும். அவ்வேர்களுள் ஹா, ஸாத், லாம் என்னும் மூன்றாலாகிய ஒன்று விருத்தாசலத்து ஜனங்களின் நாவில் அன்றாடம் வழங்கிவருகிறது.

திருக்குர்ஆனின் சொற்களுக்கு அகராதி கண்ட ராகிப் அல் இஸ்பஹானி, 'தஹ்ஸீல்' என்பதற்குத் தோட்டை நீக்கிப் பருப்பை வெளிப்படுத்துதல் என்று ஆதிப் பொருள் கூறி, சுரங்கக் கல்லினின்று பொன்னைப் பிரிப்பதையும் வைக்கோலினின்று கோதுமையைப் பிரிப்பதையும் உதாரணமாகக் காட்டுகிறார். 'அல் ஆதியாத்' என்ற நூறாவது அத்தியாயத்திலே, நெஞ்சங்களில் மறைந்துள்ளவை வெளிக்கொணரப்படும் நாளைச் சொல்லுமிடத்தில் இவ்வேரின் வினையே வந்து நிற்பதன் கம்பீரம், அந்தப் பருப்பையும் தோட்டையும் நினைத்துப் படிப்பவருக்கே முழுமையாகப் புலப்படும். பிரித்தபின் கைக்கு எஞ்சுவது 'ஹாஸில்'. பெருக்கி வந்த தொகையும் அதுவே. கல்வியை ஈட்டுவதும் தஹ்ஸீல்தான். 950-இல் மறைந்த தத்துவஞானி அல் பாராபி, மனிதர் பேரின்பம் எய்தும் மார்க்கத்தை ஆராய்ந்த தம் நூலுக்குத் 'தஹ்ஸீலுஸ் ஸஆதா' என்று நாமம் சூட்டினார்.

மல்லாட்டையை உடைத்துப் பருப்பெடுத்துப் பழகிய விருத்தாசலத்தாருக்கு ராகிபின் விளக்கத்தை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் 'வி.ஆர்.ஐ.' என்று ஊர்ப்பெயரைத் தழுவி வெளியிட்ட மல்லாட்டை ரகங்களைக் குறித்து உழவர் வினவும் 'மகசூல்', 'பெறப்பட்டது' என்று பொருள்படும் மஹ்ஸூலேயாகும். வட்டாட்சியர் அலுவலகம் என்று பலகையில் எழுதியிருப்பினும் ஜனங்கள் நாடிச் செல்லும் 'தாசில்தார் ஆபீஸ்', தஹ்ஸீலோடு பாரசீகத்தின் 'தார்' கூடிய பதம். ஹா என்னும் ஒரே ஒலி, தாசிலில் கரைந்து நெடிலாகவும், மகசூலில் இறுகிக் ககரமாகவும் ஆன விந்தையைச் செவியால் உணர்ந்து ரசிக்க வேண்டும். (வசூல் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று, அது 'வந்து சேர்தல்' என்னும் வேறொரு வேரின் சந்ததி.)

பாரசீகம் வளர்த்த ராஜாங்க வழக்கில் மஹ்ஸூல் வரியாகிவிட்டது. மராத்தியில் இன்றும் வருவாய்த்துறைக்கு அதுவே பெயர். தமிழோ, வரி தண்டும் அதிகாரத்தைத் தாசிலுக்கு அளித்துவிட்டு, மகசூலை வயலிலேயே உழவனுக்கென்று வைத்துக்கொண்டது. அரபியில் விளைபொருளைக் குறிக்கும் பழம்பொருள் இதனால் நம்மிடம் பழுதின்றி நிலைத்தது. நம் மொழி கடன் வாங்கியபோதும் விவேகத்தை இழக்கவில்லை என்பதற்கு இதனினும் இனிய சாட்சியம் நான் கண்டதில்லை.

விழுங்கிய தானியம் தங்கும் பறவையின் கண்டப்பையையும் அரபு அகராதிகள் இவ்வேரின் கீழ் 'ஹௌஸலா' என்றே வைத்திருக்கின்றன. உருது அதனை மனிதனின் நெஞ்சுரத்துக்குப் பெயராக்கிக்கொண்டது. அந்த அழகிய பதம் தமிழ்நாடு வரை வராமல் போனதில் எனக்கு மெய்யாகவே ஏக்கமுண்டு.