மரத்தை எண்ணிய சாஸ்திரம்

விஞ்ஞானம் இயற்கையையும் மனிதனையும் ஒருசேர அடக்கியாண்ட வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அணுகுண்டிலிருந்தோ விஷவாயுவிலிருந்தோ தொடங்குவது வழக்கம். அவை கண்ணைப் பறிக்கும் உதாரணங்கள்தாம். ஆயினும் அழிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று அழித்தது என்று நிறுவுவதில் ஆராய்ச்சிக்கு அதிக இடமில்லை. காப்பதற்கென்று தோன்றி, நல்லெண்ணமும் கடும் உழைப்பும் உடையவர்களால் வளர்க்கப்பட்டு, மெய்யாகவே பலவற்றைக் காத்தும் கொடுத்த ஒரு சாஸ்திரம், அதே கையால் காட்டின் சுபாவத்தையும் காட்டை அண்டி வாழ்ந்தோரின் உரிமையையும் எவ்வாறு பறித்தது என்பதுதான் நிதானமாக எடைபோட வேண்டிய விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பயிற்சியின் வழியே பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் வந்து, நம் மலைகளின் தோற்றத்தையே மாற்றிவிட்ட வனசாஸ்திரம் அத்தகையது.

அதன் பிறப்பு பஞ்சத்தில். சோற்றுப் பஞ்சத்தில் அன்று, விறகுப் பஞ்சத்தில். சாக்ஸனி நாட்டு வெள்ளிச் சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கவும் உலை எரிக்கவும் மரம் கிட்டாமற்போன காலத்தில், சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ், 1713-இல் வெளியிட்ட நூலில், வளர்வதற்குமேல் வெட்டலாகாது என்ற கருத்தை முன்வைத்தார். இன்று உலக மாநாடுகள் தோறும் பேசப்படும் நிலைத்த பயன்பாடு என்னும் தத்துவத்தின் மூலவேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், தாரந்த் நகரில் வனப்பள்ளி அமைத்த ஹைன்ரிஷ் கோட்டா போன்றோர் அக்கருத்தைக் கணிதமாக்கினர்: ஒரு மரம் இத்தனை வயதில் இத்தனை கன அடி தரும், ஒரு காட்டில் இத்தனை மரம், ஆகவே ஆண்டுக்கு இத்தனை வெட்டலாம். இக்கணக்குக்கு ஒத்துவரும்படி பலவகை மரங்கள் கலந்து நின்ற காடுகள் பல இடங்களில் ஒழிக்கப்பட்டு, ஒரே வயதுள்ள ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. முதல் தலைமுறை மரங்கள் அமோகமாக வளர்ந்தன. பழைய கலப்புக்காடு நெடுங்காலமாக மண்ணில் சேர்த்து வைத்திருந்த சாரத்தை உண்டே அவை அப்படி வளர்ந்தன என்பது, அடுத்த தலைமுறை மரங்கள் சோனியாகிப் புயலுக்கும் பூச்சிக்கும் இரையானபோதுதான் விளங்கிற்று. பட்ட மரங்களைக் குப்பையென்று அப்புறப்படுத்திய காட்டில் பொந்து தேடிய பறவைகளுக்குப் பின்னாளில் பலகைப் பெட்டிகளைக் கூடாகச் செய்து தொங்கவிட வேண்டியதாயிற்று.

இந்தப் பலன் முழுவதும் வெளிப்படுமுன்பே அந்தச் சாஸ்திரம் கீழ்த்திசைக்குக் கப்பலேறிவிட்டது. அது வந்த வேளையில் இங்கிருந்த நிலைமையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1826-இல் ஆங்கிலேயர் வசமான, பர்மாவின் தெனாசரிம் பிரதேசத்தின் தேக்கங்காடுகளைத் தனியார் வியாபாரிகள் சில பத்தாண்டுகளுக்குள் சூறையாடியிருந்தார்கள். மலபாரில் தேக்கு அருகியதைக் கண்டு கலெக்டர் கானலி நிலம்பூரில் தோட்டம் போடத் தொடங்கியது 1840-களில். நாற்று விளைவித்து அதை நடைமுறையில் நடத்திக் காட்டியவர் சாத்து மேனோன். ரயில்பாதை போடத் தொடங்கியதும் ஸ்லீப்பர் கட்டைக்காகத் தேக்கும் சாலும் தேவதாருவும் கணக்கு வழக்கின்றி வீழ்ந்தன. இந்த நிலையில், 1856-இல் பர்மாவின் பெகு பிரதேசத்துத் தேக்கங்காடுகளின் பொறுப்பை ஏற்க வந்தார் டீட்ரிஷ் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியலறிஞர்.

அவர் வேலை செய்த விதம் நினைத்துப் பார்க்கத் தக்கது. மூங்கிற் புதர்களின் ஊடே யானைமேல் அமர்ந்து செல்வார். இடக்கையில் நான்கு குச்சிகள், வலக்கையில் ஒரு பேனாக்கத்தி. தேக்கு மரம் ஒன்று கண்ணில் பட்டதும் அதன் பருமனுக்குரிய குச்சியில் ஒரு வெட்டுக் குறிப்பார். ஈரக் காட்டில் காகிதமும் மையும் உதவா. இப்படி மாதக்கணக்கில் அலைந்து சேர்த்த வெட்டுக்குறிகளிலிருந்து, ஆண்டுதோறும் எத்தனை மரம் வெட்டினால் காடு குறையாது என்று கணித்து, அந்த வரம்பைப் பணபலமுள்ள வியாபாரிகளின் எதிர்ப்பையும் மீறி நிலைநாட்டினார். 1864-இல் இந்தியா முழுவதற்கும் வனத்துறைத் தலைவரானார். அந்தக் கணக்கு மட்டும் இல்லாதிருந்தால் பர்மாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயத்தின் அடிவாரத்திலும் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி எஞ்சியிராது என்பது என் திடமான அபிப்பிராயம். வனத்துறையைக் கொள்ளைக் கூட்டமென்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோர், அத்துறை வருமுன் நடந்த கொள்ளையை மறந்து பேசுகிறார்கள்.

ஆனால் நான்கு குச்சிகளும் தேக்குக்கு மட்டுமே உரியவை. தேக்கல்லாத மரமும், மரமல்லாத செடியும், செடியல்லாத உயிரும் அவற்றில் ஏற இடமில்லை. காட்டோரத்துக் குடியானவனுக்குக் காடு என்பது மாட்டுக்குத் தழை, வயலுக்கு உரம், ஏருக்கு மரம், அடுப்புக்குச் சுள்ளி, பஞ்சகாலத்தில் கிழங்கு, ஆண்டுக்கொரு முறை தேன். சர்க்காருக்கோ அது கன அடியும் ரூபாயும். எந்தச் சாஸ்திரமும் பொருளின் ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டுதான் ஆராய முடியும், அது குற்றமாகாது. ஆராய்ச்சிக்காக ஒதுக்கி வைத்த மற்ற முகங்கள் உலகிலேயே இல்லையென்று பாவித்து, அப்பாவனைக்கு ஏற்ப உலகத்தைத் திருத்தி அமைக்கப் புகுந்ததே குற்றம்.

இதற்குக் காட்டுத்தீயைப்போல் தெளிவான சான்று வேறில்லை. மலைவாசிகள் கோடையில் சருகுக்குத் தீயிடுவதை வனத்துறை பெரும்பாதகமாகக் கருதிற்று; தீத்தடுப்பில் அடைந்த வெற்றியைத் தன் முதற்பெரும் சாதனையாக ஆண்டறிக்கைகளில் எழுதிற்று. தீ நின்றது, கூடவே பர்மாவின் ஈரக்காடுகளில் தேக்கங்கன்று எழுவதும் நின்றது. மூங்கிலும் பசுமைமாறாப் புதர்களும் அடர்ந்து நிழலிட, வெயில் வேண்டும் தேக்கு விதை அந்நிழலில் மடிந்தது. தீத்தடுப்பு அளவுமீறிவிட்டதென்று 1890-களில் பர்மாவின் வன அதிகாரிகளிடையிலேயே குரல் எழுந்தது. வடகிழக்கின் சால் காடுகளிலும் அதே அனுபவம் நேர, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல இடங்களில் அக்கொள்கை தளர்த்தப்பட்டது. தீயிடுவதை எப்போது, எங்கே, எவ்வளவு என்று அறிந்திருந்த மலைவாசியை இடைப்பட்ட ஆண்டுகளில் யாரும் கேட்கவில்லை. அவர் அபராதம் செலுத்திக்கொண்டிருந்தார்.

இனி, மனிதரை அடக்கிய முறை. 1878-ஆம் ஆண்டின் வனச்சட்டம் இயற்றப்படுமுன் நடந்த விவாதம் இன்றும் படிப்பினை தருவது. காடனைத்தும் சர்க்காரின் பூரண சொத்தென்று வாதித்தவர் ஆங்கிலேய அதிகாரி பேடன்-பவல். கிராமங்களுக்கென்று தனிக்காடு ஒதுக்கி, அவர்களுடைய பாத்தியதையையும் ஓரளவு அங்கீகரிக்க வேண்டுமென்றவர் பிராண்டிஸ். காடுகளில் கிராமத்தாருக்குப் பரம்பரை உரிமை உண்டென்றும், அதைச் சட்டத்தால் பறிப்பது அநீதியென்றும் எதிர்த்து நின்றது சென்னை மாகாணத்து ரெவினியூ போர்டு; ஆங்கிலேய அதிகாரிகளே அமர்ந்திருந்த ஒரு சபையிலிருந்து அக்குரல் எழுந்தது என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். வென்றது பெரும்பாலும் பேடன்-பவலின் கட்சி. சென்னை மாகாணமும் 1882-இல் தனக்கெனத் தனிச்சட்டம் செய்துகொண்டது.

1878-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இயங்கிய விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இன்ன எல்லைக்குட்பட்ட நிலம் ரிசர்வ் காடாகப் போகிறதென்று ஓர் அறிவிப்பு வரும். அதில் உரிமை கோருவோர், மூன்று மாதத்துக்குக் குறையாத ஒரு தவணைக்குள், எழுத்து மூலமாகவோ செட்டில்மெண்ட் அதிகாரிமுன் நேரில் வந்தோ அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கப்படாத உரிமை அற்றுப்போகும். பாட்டன் காலத்திலிருந்து தேனெடுத்த பாறையைத் தன் உரிமையென்று எழுதிக்கொடுக்க வேண்டுமென்பதே, எழுத்தறியாத மலைமகனின் மனத்தில் எப்படித் தோன்றும்? தவணை கடந்த மறுநாள் அதே பாறைக்கு அவர் போவது அத்துமீறலாயிற்று. பர்மாவில் இன்னும் நயமான ஒரு முறை கையாளப்பட்டது. டாங்யா என்னும் அம்முறைப்படி, கரேன் இனத்தார் காட்டை வெட்டித் திருத்தித் தேக்குநட்டுக் களையெடுத்துக் கொடுத்தால், கன்றுகளின் இடையே சில ஆண்டுகள் நெல் விளைத்துக்கொள்ளலாம். மரம் தலைதூக்கியதும் வேறிடம் பெயர வேண்டும். கூலிச்செலவின்றித் தோட்டம் எழுந்தது. நிலம் மாற்றி மாற்றிச் சுயேச்சையாகப் பயிரிட்டு வந்த ஒரு ஜனசமூகம், தான் நட்ட மரத்தாலேயே தன் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அடுத்த நிலத்துக்கு வனத்துறையின் தயவை எதிர்நோக்கும்படி ஆயிற்று.

இவற்றுக்கு மக்கள் தந்த பதில் பல இடங்களில் கலகமாக வந்தது: 1910-இல் பஸ்தாரில், 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜுவின் தலைமையில் கூடெம், ரம்பா மலைகளில். அவற்றினும் என் கருத்தை ஈர்ப்பது 1921-இல் குமாவோன் மலைகளில் நிகழ்ந்தது. மேய்ச்சலுக்கும் தழை கழிப்பதற்கும் விதித்த கட்டுப்பாடுகளால் வெகுண்ட கிராமத்தார் அந்தக் கோடையில் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அறியாத ஜனங்களின் வெறிச்செயலென்று சொல்லிவிடலாம். ஆனால் எரிந்தவை முக்கியமாகப் பிசினுக்காகவும் ஸ்லீப்பருக்காகவும் சர்க்கார் போற்றி வளர்த்த பைன் காடுகள். மாட்டுக்குத் தழையும் ஊற்றுக்கு நீரும் தந்த அகன்ற இலைக் காடுகளில் அவர்கள் பெரும்பாலும் கைவைக்கவில்லை. எரிப்பதிலும் ஒரு தேர்வு இருந்தது. அத்தேர்வில், வனத்துறையின் திட்ட ஏட்டில் காணப்படாத ஒரு தாவரவியல் இருந்தது. 1931-இல் அங்கே வனப் பஞ்சாயத்துகளுக்கு வழி செய்யப்பட்டது அந்தக் கோபத்தின் பயனே.

அந்நியர் போனதும் இது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, சாஸ்திரமும் சட்டமும் அப்படியே கைமாறின, வாங்குவோர்தாம் மாறினார்கள். சுதந்திரத்துக்குப் பின்வந்த பத்தாண்டுகளில், தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும், நீலகிரியின் உச்சிப் புல்வெளிகள் மீது சீகை மரமும் கற்பூர மரமும் முன் எப்போதையினும் வேகமாகப் பரப்பப்பட்டன. மரமில்லாத நிலம் வீண்நிலம் என்பது வனசாஸ்திரத்தின் பழைய சித்தாந்தம்; ஆனால் அந்தப் புல்வெளியோ பள்ளத்தாக்கின் சோலையோடு இணைந்து மழையைக் குடித்து வைத்துக் கோடையில் ஓடைகளுக்கு விட்டுக்கொடுத்த ஒரு பெரிய நீர்நிலை. தோடர்களின் எருமை மேய்ந்தது அங்கே. அவர்கள் தம் கோயிலுக்குக் கூரை வேயும் சதுப்புநிலப் புல் முளைத்ததும் அங்கே. அப்புல்லைத் தேடி இன்று வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. சிங்பூமில் 1970-களின் பிற்பகுதியில் சால் மரங்களை வெட்டித் தேக்கு நட வந்தபோது ஆதிவாசிகள் தேக்கங்கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சால் அவர்களுக்கு விதையும் இலையும் பிசினும் தெய்வமும் தந்த மரம். தேக்கு பிறருக்குக் கதவு நிலையாகப் போகும் மரம்.

இவையெல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது. விஞ்ஞானத்தின் பெருமை அது தவறாது என்பதில் இல்லை. தவறினால் திருத்திக்கொள்ளும் என்பதில் இருக்கிறது. அத்திருத்தத்துக்கு, மறுத்துச் சொல்லும் ஒருவன் வேண்டும். அவன் சொல்லைக் கேட்பதால் கேட்பவனுக்கு நஷ்டம் வராத ஓர் ஏற்பாடும் வேண்டும். வனத்துறையிலோ காட்டை ஆராய்ந்தவனும், அதற்கு உடைமைக்காரனும், அதன் வருமானத்தைப் பெற்றவனும், அதில் நுழைந்தவனைத் தண்டித்தவனும் ஒருவனே. பிராண்டிஸின் குச்சிக்கணக்கில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டத் தகுந்த ஒரே சாட்சி காட்டில் வாழ்ந்தவர்; அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அன்றே அந்தச் சாஸ்திரம் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியையும் அடைத்துக்கொண்டது. தீத்தடுப்பின் பிழை வெளிப்பட்டதுகூட, தேக்கு குறைந்து வருமானத்துக்கு மோசம் வந்ததால்தான். ஒரு குரும்பர் குடும்பத்துக்குக் கிழங்கு குறைந்திருந்தால் எந்த அறிக்கையிலும் அது ஏறியிராது.

அப்படியானால் காட்டை அங்கிருப்போரிடம் விட்டுவிட்டால் எல்லாம் சீராகிவிடுமா என்ற கேள்விக்கு, ஆம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல நான் துணியேன். பழங்காலத்துக் கட்டுப்பாடுகள் பல, அவற்றைக் காத்த சமூகங்களோடு சிதைந்துபோயின. காண்டிராக்டரின் பணம் புகாத மலையூர் இன்று அரிது. ஆனால் சாஸ்திரமும் ஊராரும் கூடிய ஓர் உதாரணம் நம்மிடம் இருக்கிறது. மேற்கு வங்கத்து அன்றைய மிட்னாபூர் மாவட்டத்தில் அரபாரி என்னுமிடத்தில், 1970-களின் தொடக்கத்தில், மொட்டையாகிப்போன சுமார் 1,270 ஹெக்டேர் சால் காட்டைக் காப்பதற்கு ஒரு வன அதிகாரி 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்களைத் துணைக்கழைத்தார். காடு தேறினால் வருமானத்தில் 25 சதவீதம் அவர்களுக்கு என்பது பேச்சு. புதிதாக ஏதும் நட வேண்டிய அவசியம்கூடப் பெரிதும் இருக்கவில்லை. வெட்டுண்ட சால் அடிக்கட்டையிலிருந்து துளிர்விடும் என்பது சாஸ்திரம் அறிந்தது. துளிரை ஆடு கடிக்காமலும் அரிவாள் தொடாமலும் பார்க்கக் கிராமம் முன்வந்ததும் காடு தானே எழுந்தது. அங்கும் திட்டம் வகுக்கும் அதிகாரம் துறையிடமே நின்றது என்பது ஒரு குறைதான்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு வரலாற்று ரீதியான அநீதி இழைக்கப்பட்டதென்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டு, சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை வழங்குகிறது. ஆயினும் எத்தனை மலைகளில் அது ஏட்டை விட்டு இறங்கியிருக்கிறது என்று கேட்டால் விடை வருத்தமூட்டுவது. இதற்கிடையே, நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. வரவேற்கத்தக்கதே, எனினும் சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுந்திருப்பதையும், அதை ஒரேயடியாக வெட்டித் தள்ளிய இடங்களில் வேறு அந்நியப் புதர்கள் புகுவதையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது, எந்தச் சரிவில் எந்தப் புல் முன்பு நின்றது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், தாவரவியலறிஞரோடும் ரேஞ்சரோடும் மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளின் பெரியவர்களும் பெண்களும் சம ஆசனத்தில் அமர வேண்டும்; அவர்கள் கூடாதென்று சொன்னால் அத்திட்டம் நிற்க வேண்டும்.