மொட்டைக் கிளையில் பூ

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஜாலான் சுல்தான் அகமது ஷா சாலையோரம் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவி, 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட் அங்கேதான் அடக்கம். அவரைவிட எனக்கு அங்குள்ள ஈழத்தலரி மரங்கள்தான் பிரியம். மலாய்க்காரர்கள் கெம்போஜா என்பார்கள். கல்லறைப் பூ என்றும் சொல்வதுண்டு.

இதுவும் கடல் கடந்து வந்த மரம்தான், பூர்வீகம் மெக்சிகோ பக்கம். கிளையை வெட்டியதும் நட்டுவிடக் கூடாது, அழுகிவிடும். பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் சும்மா போட்டுவைக்க வேண்டும். பார்த்தால் விறகுக் கட்டை! நட்டால் துளிர்க்கும், சில சமயம் இலைக்கு முன்பே பூ வந்து நிற்கும்.

அயல்நாட்டில் ஊழியம் செய்து திரும்புகிறவர்களும் வெட்டிய கிளை போலத்தான். ஆனால் அவர்களை அடுத்த ஞாயிறே சாட்சி சொல்ல மேடையேற்றிவிடுகிறோம். உயிர்த்தெழுதலை ஊரெல்லாம் சொன்ன வாய், வீட்டுத் திண்ணையில் தனக்கே அதைச் சொல்லத் தடுமாறும். அந்த நிழல் வாரங்களை நாம் கொடுப்பதில்லை. 1819இல் பினாங்கு வந்த லண்டன் மிஷனரி சங்கத்தின் தாமஸ் பெய்ட்டன் 1844இல் இங்கேயே இறந்தார். ஊர் திரும்பும் சங்கடம் அவருக்கு வாய்க்கவில்லை.

பொழுது சாய்ந்தால் ஈழத்தலரியின் வாசம் கூடும். உதிர்ந்த பூ ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.