ஒரு மலைப்பாதைக்கு விமர்சனம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு, கச்சேரிக்கு, தெருமுனையில் புதிதாகத் திறந்த ஓட்டலின் நெய் ரோஸ்ட்டுக்குக்கூட எழுதுகிறோம். நடந்து போகிற பாதைக்கு எழுதலாமா? தாராளமாக எழுதலாம். மலை தானாக வந்தது. அதைக் குறை சொன்னால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பாதை மனிதன் போட்டது. எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே படி கட்ட வேண்டும், எந்த வளைவில் பலகை நட வேண்டும், அந்தப் பலகையில் என்ன பெயர் எழுத வேண்டும் என்றெல்லாம் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். யாரோ முடிவு செய்த எதையும் நாம் கேள்வி கேட்கலாம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள தொங்கரிரோ ஆல்பைன் கிராஸிங். சுமார் 20 கிலோமீட்டர். மாங்கத்தெபோப்போ பள்ளத்தாக்கில் காலையில் ஆரம்பித்து, ஒரு எரிமலையின் காலடியைச் சுற்றி, இன்னொரு எரிமலையின் தோளில் ஏறி, மறுபக்கம் கெத்தெத்தாஹியில் சாயங்காலம் இறங்குவது. ஆறிலிருந்து எட்டு மணி நேரம். தனியாகவும் போகலாம், காசு கொடுத்து கைடோடும் போகலாம். நான் கைடோடு போனேன். விமர்சனம் பாதைக்கும் சேர்த்து, கைடுக்கும் சேர்த்து.

முதலில் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதையின் உச்சமான ரெட் க்ரேட்டர் 1,886 மீட்டர். "இவ்வளவுதானா, ஊட்டி இதைவிட உயரமாச்சே, பஸ்ஸில் போய் வர்க்கி வாங்கிக்கொண்டு வருகிறோமே" என்று உங்களுக்குத் தோன்றும். உயரத்தை மட்டும் பார்த்து மலையை எடை போடுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். இந்த இடம் பூமத்திய ரேகையிலிருந்து 39 டிகிரி தெற்கே இருக்கிறது. அங்கே இந்த உயரத்தில் மரம் வளராது. ஒதுங்க நிழல் கிடையாது, காற்றை மறைக்கச் சுவர் கிடையாது. கோடையிலும் திடீரென்று பனி கொட்டும். காலையில் பல்லிளிக்கும் வெயில், பதினொரு மணிக்குப் பத்தடி தூரம் தெரியாத மேகம். ஆல்பைன் என்றால் அதுதான் அர்த்தம்.

இனி திரைக்கதைக்கு வருவோம். இந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு சினிமா தெரிந்திருக்கிறது. முதல் ஒன்றரை மணி நேரம் சமதளம் மாதிரியான நடை. மரப்பலகை போட்ட வழி, பக்கத்தில் ஓடை, பழைய லாவா ஓட்டங்கள். சோடா ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று வந்ததும் இடைவேளை. அதற்கப்புறம் 'சாத்தானின் படிக்கட்டு' என்று பெயர் வாங்கிய செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்கி மேலே வந்தால் கால்பந்து மைதானம் மாதிரி மட்டமான பெருவெளி. மறுபடி ஏற்றம். ரெட் க்ரேட்டரின் விளிம்பில் நின்றால் அடுப்பில் காய்ந்த செங்கல் நிறத்தில் ஒரு பள்ளம், மூக்கில் கந்தக வாசனை. அங்கிருந்து கீழே பார்த்தால், சாம்பல் நிற உலகத்தின் நடுவே மூன்று பச்சைக் குளங்கள். பாறைகளிலிருந்து கரைந்து வந்த தாதுக்கள் போட்ட சாயம் அது. கிளைமாக்ஸ் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

குறை, கிளைமாக்ஸுக்கு அப்புறம். குளத்தை அடைய உதிரிச் சரளையில் குதிகாலை ஊன்றிச் சறுக்கி இறங்க வேண்டும். முட்டி அப்போதே மனு கொடுத்துவிடும். அதன் பிறகும் பாதிக்குமேல் பாதை பாக்கி. வளைந்து வளைந்து முடிவில்லாமல் இறங்குகிறது. கதை முடிந்த பிறகும் விளக்கு போடாமல் ஓடுகிற படம் மாதிரி. ஏறும்போது பேசாத காலெல்லாம் இறங்கும்போது பேச ஆரம்பிக்கும்.

அடுத்து பெயர்கள். என்னுடைய பெரிய புகார் இதில்தான். அந்த மட்டமான மைதானத்துக்கு சவுத் க்ரேட்டர் என்று பெயர். ஆனால் அது எரிமலை வாயே கிடையாது. சுற்றியுள்ள மேடுகளுக்கு நடுவே அமைந்த வெறும் வடிநிலம். ஏற்றத்துக்கு சாத்தானை அழைத்து வந்தது ஐரோப்பியர்கள். அந்த மலையில் அதற்கு முன்னால் சாத்தான் இருந்ததாகத் தகவல் இல்லை. புளூ லேக் என்று சப்பென்று எழுதியிருக்கும் ஏரிக்கு மவோரி மொழியில் 'ராங்கிஹிரோவாவின் கண்ணாடி' என்று பொருள்படும் நீளமான பெயர். நீல ஏரி என்பது கண்ணில் படும் நிறத்தைத்தான் சொல்கிறது. கண்ணாடி என்று சொன்னால் அது யாருடையது என்ற கேள்வி வருகிறது. மவோரி மக்களுக்கு அந்த ஏரி புனிதமானது. கரையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, தண்ணீரைத் தொடக்கூடாது. பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தால் தடை பலகைக்கே பாதி வேலை குறைந்திருக்கும்.

இன்னொரு சந்தோஷமான விஷயம். நம் எழுத்தில் 'ங' என்று ஒருத்தர் சொல்லின் ஆரம்பத்துக்கு வராமலே காலம் தள்ளுகிறார். மவோரியில் அவருக்கு முழு நேர வேலை. பாதையை ஒட்டி நிற்கும் அழகான கூம்பு மலையின் பெயர் ஙௌருஹோயி. ஆங்கிலேயர் திணறுகிற அந்த முதல் ஒலியை நீங்களும் நானும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

இந்த ஙௌருஹோயியைத்தான் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் டூம் மலையாக்கினார் பீட்டர் ஜாக்சன். 2001 முதல் 2003 வரை மூன்று படம் வந்தது. அதிலிருந்து இந்தப் பாதைக்கு வருகிறவர்களில் பலர் மலையைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறார்கள். சரிவில் எடுத்த காட்சிகள் பலவும் பக்கத்திலிருக்கும் ருவாபெஹு எரிமலையில் எடுத்தவை என்று சொன்னால் அவர்கள் முகம் சுண்டிப்போகும். கைடுகளில் ஒரு ரகம் இந்த ஆசையை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. ஹாபிட் ஜோக், மோதிர ஜோக், போட்டோ, அடுத்த வளைவு. மனப்பாடம் செய்த வசனம் போல ஒரே ஏற்ற இறக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். அந்த ரகத்துக்கு நான் மார்க் போடமாட்டேன். ஙௌருஹோயியின் உச்சிக்கு ஏற வேண்டாம் என்று அந்த மண்ணின் மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அது ஏன் என்று சொல்லாமல் டூம் மலை, டூம் மலை என்று ஒருவர் விற்றுக்கொண்டே போனால், கேட்பவருக்கு ஏறத்தானே தோன்றும்?

ஏன் என்பதற்கு பதில் 1887-இல் இருக்கிறது. ஙாத்தி தூவாரெத்தோவா மக்களின் தலைவர் ஹொரோனுகு தே ஹியுஹியு துகினோ அந்த வருடம் இந்தச் சிகரங்களை பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைத்தார். நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அதிலிருந்து பிறந்தது. துண்டு துண்டாக விற்றுத் தீர்ந்துவிடாமல் மலையைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கவலை. ரொம்ப காலமாக இதைப் பெருந்தன்மையான அன்பளிப்பு என்றே எழுதிவந்தார்கள். 2013-இல் வைத்தாங்கி தீர்ப்பாயம் வேறு மாதிரி சொன்னது: அவர் நீட்டியது கூட்டாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கை, அரசு அதை வெறும் தானமாக எடுத்துக்கொண்டது என்று. 1990-இல் இயற்கைக்காகவும், 1993-இல் பண்பாட்டுக்காகவும் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில் உலகத்திலேயே முதலில் சேர்ந்தது இதுதான். பாதையின் பலகைகளைவிட அந்தப் பட்டியலுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

சரி, கைடு எதற்கு? "மலைக்குக் காசு கொடுத்து ஆள் கூட்டிக்கொண்டு போவதா? பாதைதான் தெளிவாகப் போட்டிருக்கிறதே" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கோடையில், வானம் தெளிந்த நாளில், நல்ல ஷூவும் மழைக்கோட்டும் வைத்திருக்கிறவருக்கு வழி காட்ட ஆள் தேவையில்லை. முன்னால் போகிறவரின் முதுகே வழி. 2020-க்கு முந்தைய வருடங்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் அதிகமானோர் நடந்திருக்கிறார்கள். கூட்டம் தாங்காமல் 2017-இல் மாங்கத்தெபோப்போவில் நான்கு மணி நேரத்துக்குமேல் கார் நிறுத்தக்கூடாது என்று கொண்டுவந்தார்கள். எட்டு மணி நேர நடைக்கு நான்கு மணி நேர பார்க்கிங். ஆகவே பெரும்பாலானோர் ஷட்டில் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பாதை ஒருவழி. பஸ் உங்களை இந்தப் பக்கம் இறக்கிவிட்டு அந்தப் பக்கம் காத்திருக்கும். லீவு எண்ணி வைத்த நாள், டிக்கெட் வாங்கியாகிவிட்டது, போட்டோ இன்னும் எடுக்கவில்லை. இந்த நிலையில் பாதி வழியில் காற்று மாறினால் தனியாக வந்தவர் என்ன செய்வார்? முன்னேதான் போவார். திரும்புவதற்கான எல்லாக் காரணங்களும் மலையில் இருக்கின்றன. திரும்பாமல் இருப்பதற்கான எல்லாக் காரணங்களும் அவர் சட்டைப் பையில் இருக்கின்றன. இது இந்தப் பாதையின் கட்டுமானத்திலேயே உள்ள கோளாறு. எவ்வளவு பலகை நட்டாலும் சரியாகாது.

கைடு தேவைப்படுவது இங்கேதான். எங்கள் குழுவில் ஜீன்ஸ், கான்வாஸ் ஷூவோடு ஒரு இளைஞர் வந்திருந்தார். கைடு சிரித்துக்கொண்டே அவருக்கு பஸ்ஸிலிருந்து மாற்று பேண்ட்டும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்தார். நனைந்த ஜீன்ஸ் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்று மட்டும் சொன்னார், பிரசங்கம் இல்லை. சோடா ஸ்பிரிங்ஸில் எல்லாரும் சாண்ட்விச் பிரித்தபோது அவர் சாப்பிடவில்லை. மேட்டின் விளிம்பில் மேகம் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலே போய் விளிம்பில் நிற்க முடியாவிட்டால் திரும்புவோம். அதற்கு நீங்கள் இப்போதே சம்மதிக்க வேண்டும். அங்கே போய்ப் பேச முடியாது, காது கேட்காது" என்றார். சம்மதித்தோம். அன்றைக்குக் காற்று அடங்கியது, கடந்தோம். ஆனால் நான் கொடுத்த காசு அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். மற்றதெல்லாம் இலவச இணைப்பு.

இந்த இடத்தில் பெயர் விஷயம் திரும்ப வருகிறது. 2007 வரை இதற்கு தொங்கரிரோ கிராஸிங் என்றுதான் பெயர். சும்மா ஒரு தெருவைக் கடப்பதுபோல ஜனங்கள் அரைக்கை சட்டையோடு கிளம்பிவந்ததால், நடுவில் 'ஆல்பைன்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். எச்சரிக்கையாக ஒரு சொல். நல்ல காரியம்தான். ஆனால் எச்சரிக்கை ஏற்கெனவே அங்கே இருந்தது! மவோரி மொழியில் தொங்கா என்றால் தெற்குக் காற்று. ரிரோ என்றால் பிடித்துக்கொண்டுபோவது. தே அராவா படகில் வந்த பூசாரி ஙாத்தோரோஇராங்கி இந்த மலையில் ஏறியபோது தென்காற்றில் உறைந்து சாகக் கிடந்தார். ஹவாயிகி என்ற பூர்வீக பூமியில் இருந்த தன் சகோதரிகளைக் கூப்பிட்டு நெருப்பு கேட்டார். அந்த நெருப்பு கடலுக்கும் மண்ணுக்கும் அடியில் ஓடி, வழியெல்லாம் வெந்நீர் ஊற்றாக வெடித்து, கடைசியில் இந்த மலை வழியாக வந்து அவரைப் பிழைக்க வைத்தது. இதுதான் ஐதீகம். முதலில் ஏறியவரே குளிரில் சாகத் தெரிந்தார் என்பதை மலையின் பெயராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் இன்னொரு சொல்லை ஒட்டவைக்க வேண்டியதாயிற்று.

நெருப்பும் கதையோடு நின்றுவிடவில்லை. 2012 ஆகஸ்டில் பாதையை ஒட்டிய தே மாரி வாய் வெடித்தது. பறந்து வந்த பாறை கெத்தெத்தாஹி குடிசையின் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. நள்ளிரவுக்குச் சற்று முன் நடந்ததால், குளிர்காலமானதால், உள்ளே யாரும் இல்லை. அதே வருடம் நவம்பரில் பட்டப்பகலில் மறுபடி வெடித்தபோது பாதையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமே இருந்தது. யாருக்கும் காயமில்லை. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அதிர்ஷ்டத்தை நம்பிப் பாதை போடக்கூடாது என்றும் சொல்லலாம்.

ஆக, தீர்ப்பு. காட்சிக்கு முழு மார்க். இறக்கத்துக்குப் பாதி. பலகைப் பெயர்களுக்கு, தமிழ் வாத்தியார் பாணியில், திரும்ப எழுதிக்கொண்டு வரவும். கைடோடு போவதா என்றால், பனிக்காலத்தில் கேள்வியே வேண்டாம். ஐஸ் கோடரியும் கிராம்பானும் பழகாதவர் தனியாகப் போகக்கூடாது. கோடையில் உங்கள் இஷ்டம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹாபிட் எங்கே நின்றான் என்று கேட்காதீர்கள். "போன சீசனில் எத்தனை தடவை பாதியில் திரும்பினீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு தடவைகூட இல்லை என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். எண்ணிப் பார்த்துத் தயக்கமில்லாமல் ஒரு எண்ணைச் சொல்கிறவரிடம் பணத்தைக் கட்டுங்கள். மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிற ஆள் அவர்.